தனியாகக் கேளுங்கள், பிறகு பேச விடுங்கள்

கருத்துக்கணிப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு முதல் நாள் பயிற்சியிலேயே ஒரு கட்டளை உண்டு: பதில் சொல்பவரைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். கணவர் பக்கத்தில் நிற்கக் கூடாது, மாமியார் குறுக்கே பேசக் கூடாது, எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவே கூடாது. சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் பல ஆண்டுகள் கேள்வித்தாளோடு அலைந்தவள் நான். இந்தக் கட்டளையைப் போட்டவர் எங்கள் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவராக இருக்க முடியாது.

வாக்காளர் பட்டியலில் கணக்குப் போட்டு எடுத்த பெயரைக் கையில் வைத்துக்கொண்டு போவோம். வீட்டைக் கண்டுபிடிக்க நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். அந்த நாலு பேரும் கூடவே வருவார்கள். வாசலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். உரிமைத்தொகைக்குப் பேர் எழுத ஆள் வந்திருக்கிறது என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். அவ்வளவுதான், தெரு கூடிவிடும். “எங்க பேரெல்லாம் எழுத மாட்டீகளாக்கா?” என்பார்கள். அதற்கில்லை, உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறேன், குலுக்கலில் விழுந்தது இந்த வீட்டுக்காரம்மா பேர் என்று விளக்கினால், “அவளுக்கு என்ன தெரியும், என்கிட்ட கேளுங்க” என்று ஒருவர் முன்னால் வந்து உட்காருவார்.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அதற்குப் பிறகு எந்தக் கணிப்புக்குப் போனாலும் அதைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும். முழுமையாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா, ஓரளவு எதிர்க்கிறீர்களா, முழுமையாக எதிர்க்கிறீர்களா? கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஓர் அம்மா “ஓரளவு” என்றார். நான் டேப்பில் விரலை வைக்கும் முன்பே பக்கத்து வீட்டு அம்மா பாய்ந்துவிட்டார்.

“ஏன் மதினி ஓரளவுங்க? ஓசியிலதான போயிட்டு வாரீக?”

“ஓசிதான். பஸ் வந்தாத்தான போக? பொம்பளைக கூட்டமா நின்னா கண்டும் காணாம போறான்.”

“அது டிரைவர் பண்ற வேல. திட்டம் என்ன பண்ணும்? எம் மக தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா. மாசம் முழுசும் பஸ் காசு மிச்சம். அத அவளே வச்சிக்கிறா, எங்கிட்டகூட தாரதில்ல.”

திண்ணையோரம் நின்ற ஒருவர், “அப்போ எங்களுக்கு மட்டும் எதுக்கு டிக்கெட்டு?” என்றார். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி தலை நிமிராமல், “ஒனக்குக் கடைக்குப் போகக் காசு இருக்குல்ல, டிக்கெட்டுக்கும் இருக்கும்” என்றார். தெருவே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டும்தானே இந்தச் சலுகை, எங்கள் தடத்தில் அது எத்தனை ஓடுகிறது, டிப்போவில் போய் யார் கேட்பது, ஊராட்சித் தலைவர் கேட்டால் நடக்குமா என்று நான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பிறகும் அந்த வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை சர்வரில் ஏறியது ‘2’ என்ற ஓர் எண். ஓரளவு ஆதரவு என்பதற்கான குறியீடு.

அந்த ‘2’ பொய்யில்லை. ஆனால் பஸ் கொள்கையை வகுக்கிற ஒருவருக்கு அந்த வாசலில் கிடைத்திருக்கக்கூடிய எதுவும் அதற்குள் இல்லை. திட்டம் பிடித்திருக்கிறது, பஸ்தான் நிற்கவில்லை என்று சொன்னவரும், திட்டமே வீண் செலவு, ஆனால் எதற்கு வம்பு என்று ‘ஓரளவு’ சொன்னவரும் அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேரையும் ஒரு திண்ணையில் உட்கார வைத்தால் இரண்டு நிமிடத்தில் சண்டை வந்துவிடும். கணிப்புத் தொழில் அந்தச் சண்டையைக் கறை என்று நினைத்துத் துடைத்துப் போடுகிறது. கருத்து என்பதே அந்தச் சண்டைக்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இந்தத் தொழிலுக்கு வித்திட்டவரின் கனவு வேறாகத்தான் இருந்தது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து லேண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்ன ஜார்ஜ் காலப்பின் பெயர் அன்றிலிருந்து நிலைத்தது. இந்த வெற்றிக் கதை எல்லோருக்கும் தெரியும். நியூ இங்கிலாந்து ஊர்களில் பழைய காலத்தில் ஊரே ஒரு மண்டபத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கும். நாடு முழுவதையும் அப்படி ஒரே அறைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று காலப் நம்பினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பத்திரிகையும் வானொலியும் விவாதத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோகும், கணிப்பு கையுயர்த்தலை எண்ணும் என்பது அவர் கணக்கு. எண்ணுகிற பாதி வளர்ந்து பெரும் தொழிலாகிவிட்டது. பேசுகிற பாதியை யாரும் கட்டவில்லை.

பேசாமல் எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கர்களே வேடிக்கையான சாட்சி வைத்திருக்கிறார்கள். 1978-ல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘1975-ஆம் ஆண்டு பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்யலாமா’ என்று மக்களிடம் கேட்டார்கள். அப்படியொரு சட்டமே கிடையாது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் செய்யலாம் என்றோ கூடாது என்றோ கருத்துச் சொல்லிவிட்டார். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நாற்காலி போட்டு, மோர் கொடுத்து உட்கார வைத்த விருந்தாளி ஒரு கேள்வி கேட்கும்போது ‘தெரியாது’ என்று சொல்ல நம் ஆட்களுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால், “எந்தச் சட்டம்க்கா அது?” என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வியில் மொத்தக் கணிப்பும் கவிழ்ந்திருக்கும்.

இன்னொன்று. 1948-ல் இரண்டு கேள்விகளை முன்னும் பின்னுமாக மாற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் விட்டு, பார்த்ததைப் பார்த்தபடி எழுத அனுமதிக்கலாமா என்று முதலிலேயே கேட்டபோது 36 சதவீதம் பேர் சரி என்றார்கள். அமெரிக்க நிருபர்களை ரஷ்யாவுக்குள் விட வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக இதைக் கேட்டபோது 73 சதவீதம் பேர் சரி என்றார்கள். நமக்கு ஒரு நியாயம், அடுத்தவனுக்கு ஒரு நியாயமா என்று மனசு கேட்டுவிட்டது, அவ்வளவுதான். வரிசையை மாற்றியதால் வந்த பிழை என்று புள்ளியியல்காரர்கள் இதைச் சொல்வார்கள். நானோ அதைச் சின்ன விவாதம் என்பேன். எதிர்வீட்டுக்காரர் செய்யும் வேலையை அங்கே முதல் கேள்வி செய்திருக்கிறது.

களப்பணியை விட்ட பிறகு நான் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். போனில் பதில் சொல்லும் கணிப்புக் குழு ஒன்றில் உறுப்பினர். எண்ணெய், சோப்பு, காப்பீடு, அரசியல், எல்லாம் வரும். முடித்தால் புள்ளிகள் ஏறும், புள்ளிகள் சேர்ந்தால் பரிசுக் கூப்பன். பாதி வழியில் “இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை” என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதும் உண்டு. என் வயதுக்கான கோட்டா நிரம்பிவிட்டதாம். தூங்கிக்கொண்டே அழுத்துகிறோமா என்று பார்க்க, “இந்தக் கேள்விக்கு ‘ஓரளவு ஏற்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும்” என்று நடுவில் ஒரு பொறியும் இருக்கும். கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்ட கோபத்தில்தான் உறுப்பினர்கள் சிலர் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டோம். இப்போது ஒரே கேள்விக்குப் பதில் போட்ட கையோடு வாட்ஸ்அப்பில் கூடிச் சண்டை போடுகிறோம். கோவையில் ஒரு செவிலியர், தஞ்சாவூர்ப் பக்கம் கணவரை இழந்த ஓர் ஆசிரியை, துபாயில் ஏசி மெக்கானிக் ஒருவர், சேலத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி, இன்னும் பலர். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் யாருமில்லை.

இங்கே நடந்த வாதங்களில் நல்லதென்று நான் நினைப்பது முதியோர் இல்லம் பற்றியது. ‘வயதான பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது சரி’ என்ற வாக்கியத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். துபாய்க்காரர் அடித்துச் சொன்னார்: தப்பு, பெற்றவர்களை அப்படிச் செய்கிறவன் மனுஷனே இல்லை. சேலத்துப் பெண் விடவில்லை. “அண்ணே, உங்க அப்பா அம்மாவை இப்ப யாரு பாத்துக்கிறாங்க?” என்றாள். தங்கச்சி பார்த்துக்கொள்கிறாள் என்றார். தங்கச்சியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா என்றாள். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. கோவைச் செவிலியர் தான் பார்த்த இரண்டு இல்லங்களைப் பற்றி எழுதினார். ஒன்றில் ராத்திரி ஆள் கிடையாது, இன்னொன்றில் மாதக் கட்டணத்தைக் கேட்டால் நடுத்தரக் குடும்பத்துக்கு மூச்சு நின்றுவிடும். கடைசியாகத் தஞ்சாவூர் அம்மா வந்தார். “என்னை யாரும் சேர்க்கவில்லை. நானாகத்தான் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். பையன்தான் ஊர் என்ன சொல்லும் என்று தடுக்கிறான். நான் இந்தக் கேள்விக்கு ஆமாம் போடுவதா, இல்லை போடுவதா?”

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாராலும் பழையபடி பார்க்க முடியவில்லை. துபாய்க்காரர் கட்சி மாறவில்லை. ஆனால் அவருடைய வாக்கியம் மாறியது: “அவங்க வேண்டாம்னு சொல்லும்போது சேர்ப்பது தப்பு.” யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் விஷயமே. கேள்வி எழுதியவருக்கு அது தோன்றவில்லை, பதில் போட்ட எங்களுக்கும் தோன்றவில்லை, பேசியபோதுதான் தெரிந்தது.

எங்கள் சண்டை ஏன் கசப்பதில்லை என்று யோசித்திருக்கிறேன். எல்லோரும் முதலிலேயே பதிலைப் போட்டு அனுப்பிவிட்டோம் என்பதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அதை இனி மாற்ற முடியாது, யாரையும் ஜெயித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நம் ஊரில் வாதம் என்றால் பட்டிமன்றம். மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. நம் காலத்தில் சா. கணேசன் 1939-ல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் போன்ற மேடைகளில் அது வளர்ந்தது. குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்தார். பிறகு சாலமன் பாப்பையா அதைத் தீபாவளிக் காலையில் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். எனக்குப் பிடித்த கலைதான். ஆனால் அங்கே கட்சி பிரித்துக் கொடுக்கப்படும். பேசுகிறவருக்கே அதில் நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை, நடுவே மனசு மாறினால் அணிக்கு நஷ்டம். தொலைக்காட்சி விவாதமோ அதைவிட மோசம். நால்வரும் பேசுவது பக்கத்து இருக்கைக்காரரிடம் இல்லை, கட்சித் தலைமையிடம். “நீங்க சொல்றதும் சரிதான்” என்ற மூன்று வார்த்தையை அங்கே எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

இவ்வளவு சொன்ன பிறகும், தனியாகக் கேள் என்ற அந்தப் பழைய விதியை நான் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். அதன் அருமை தெரிந்தவளும் நான்தான். ஒரு வீட்டில் மதுக்கடை பற்றிக் கேட்டேன். மாமியார் பக்கத்தில் இருந்தவரை மருமகள் “அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா” என்றாள். மாமியார் தண்ணீர் எடுக்க உள்ளே போன இடைவெளியில், குரலைத் தாழ்த்தி, கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வருகிறார், எந்தக் கிழமை அடி விழுகிறது, எல்லாம் சொன்னாள். திரும்பவும் செருப்புச் சத்தம் கேட்டதும், “தெரியாதுக்கா.” ஒரு காலனித் தெருவில் கேட்டுக்கொண்டிருக்கும்போது மேலத்தெருக்காரர் ஒருவர் சும்மா வந்து நின்றாலே போதும், அதற்குப் பிறகு வரும் பதில்கள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். எலிசபெத் நோயல்-நாய்மன் என்ற ஜெர்மன் பெண்மணி 1974-ல் இதைத்தான் கோட்பாடாக எழுதினார்: தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர் வாயை மூடிக்கொள்வார், அதைப் பார்த்து இன்னொருவர் மூடிக்கொள்வார், மௌனம் சுழன்று சுழன்று பெருகும். டெல்லியில் உள்ள லோக்நீதி ஆய்வு மையத்தின் தேர்தல் ஆய்வுகளில், யாருக்கு ஓட்டு என்பதை வாயால் சொல்ல வைக்காமல் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்வது அதனால்தான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் தனியாகக் கேட்க வேண்டும், பிறகு சேர்ந்து பேச விட வேண்டும், பிறகு மறுபடியும் தனியாகக் கேட்க வேண்டும். இது நான் கண்டுபிடித்ததில்லை. ஜேம்ஸ் ஃபிஷ்கின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு ஒரு முறையே வகுத்திருக்கிறார். குலுக்கல் முறையில் சில நூறு பேரைத் தேர்ந்தெடுத்து முதலில் தனித்தனியாகக் கேட்பார்கள். இரு தரப்பு வாதங்களும் உள்ள குறிப்பேட்டைக் கொடுத்து, ஒரே இடத்தில் கூட்டி, சிறு சிறு வட்டங்களாக உட்கார வைத்துப் பேச விடுவார்கள். விவரம் தெரிந்தவர்களிடம் அந்த வட்டங்களே கேள்வி கேட்கும். கடைசியில் பழைய கேள்வித்தாள் மறுபடியும் வரும். முதல் முயற்சி 1994-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், குற்றங்களைப் பற்றி நடந்தது.

இந்த முறையால் கைமேல் பலன் கிடைத்த இடம் டெக்சாஸ். 1996 முதல் 1998 வரை அங்குள்ள எட்டு மின் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை இப்படிக் கூட்டிப் பேச விட்டன. காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து வரும் மின்சாரத்துக்கு மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்றவர்கள் பேசுவதற்கு முன் சராசரியாக 52 சதவீதம், பேசிய பிறகு 84. எண்ணெய்க்குப் பேர் போன மாநிலம் அது. இன்று காற்றாலை மின்சாரத்தில் அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதலிடம். எல்லாம் அந்தப் பேச்சால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணம் கூடும் என்றால் மக்கள் ஒப்ப மாட்டார்கள் என்று அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து முடிவுகட்டியிருந்தால் அந்த 84 யாருக்கும் தெரிந்திருக்காது. காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வரும். நம்மிடம் யாராவது இப்படிக் கேட்டார்களா? மங்கோலியா ஒரு படி மேலே போய், அரசியல் சட்டத்தைத் திருத்தும் முன் இப்படியொரு விவாதக் கணிப்பு நடத்தியாக வேண்டும் என்று 2017-ல் சட்டமே போட்டுவிட்டது.

நமக்கு மண்டபம்கூடப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். கூடுகிறது. பெரும்பாலான ஊர்களில் என்ன நடக்கிறது என்பது அங்கே போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தீர்மானம் தட்டச்சாகித் தயாராக வந்திருக்கும், வாசித்து முடித்ததும் நோட்டு கையெழுத்துக்குச் சுற்றும். சபை கூடுவதற்கு முந்தைய வாரம் வீடு வீடாக, தனியாக, நாலே நாலு கேள்வி கேட்டுவிட்டு, கிடைத்த பதில்களைப் பெயரில்லாமல் சபையில் வாசித்தால் போதும். வாயைத் திறக்காத மருமகளின் வாக்கியமும் அங்கே ஒலிக்கும், யார் சொன்னது என்று தெரியாமலேயே ஊர் அதைப் பற்றிப் பேசியாக வேண்டி வரும். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

கணிப்புகளை வெளியிடும் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யார் ஜெயிப்பார் என்ற ஜோசியத்தை நான் இங்கே பேசவில்லை. அது 2004-லும் 2024-லும் என்ன பாடுபட்டது என்பதை நாடே பார்த்தது. நான் பேசுவது திட்டங்களைப் பற்றிய, வாழ்க்கையைப் பற்றிய கணிப்புகளை. ஐம்பத்தைந்து சதவீதம் ஆதரவு என்று வட்டப்படம் போடுகிற இடத்தில், ஆதரித்த இரண்டு பேரும் எதிர்த்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள். பேசிய பிறகு அதே ஆட்களிடம் மறுபடி கேட்டீர்களா என்பதையும் போடுங்கள். போன் வழிக் கணிப்பு நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஆட்கள் ஏற்கெனவே கையில் இருக்கிறார்கள், போக்குவரத்துப் படிகூடத் தர வேண்டாம். ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சொந்தப் போன் இல்லாத பெண்கள் அந்த வட்டத்துக்குள் வரவே மாட்டார்கள். வெற்றிலை இடித்த பாட்டி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிடையாது. ஆகவே கேள்வித்தாளோடு தெருவில் அலைகிற பெண்களுக்கு வேலை தொடர்ந்து இருக்கும்.

முதியோர் இல்லக் கேள்வியில் ‘யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து’ என்று இன்னொரு பதிலையும் சேர்க்கச் சொல்லி அந்தக் கணிப்பு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் தயாரித்தோம். தஞ்சாவூர் அம்மாதான் எழுதினார், தமிழ் அழகாக இருந்தது. சேலத்துப் பெண்ணும் கோவைச் செவிலியரும் பெயர் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ‘பொறுத்து’ என்று ஒரு கட்டம் கொடுத்தால் எல்லோரும் போய் அதில்தான் ஒளிந்துகொள்வார்கள், ஒருவரும் வாயைத் திறந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. களத்தில் ‘சொல்ல முடியாது’ என்ற கட்டத்தில் குவிந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடிதம் இன்னும் போகவில்லை, வாதம் நடக்கிறது.